எட்டாவது பேட்டரியின் நெகட்டிவ்

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் கம்பம் சாய்ந்தது.

சகாயராணி அப்போது சாப்பாட்டு வண்டியில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கம்பம் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று நாளாகத் தேரிக்காட்டுச் செம்மணல் வெளியில் ஆடிக் காற்று போட்ட கூச்சலில் எது விழுந்தாலும் கேட்டிருக்காது. ஒட்டி நின்ற கேரவனில் ஆக்சிஜன் மெஷின் ஓடும் சத்தம் நின்றதுதான் கேட்டது. ஐந்து வருஷமாகத் தூக்கத்திலும் அவள் காதில் ஓடும் சத்தம் அது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உள்ளே அவள் புருஷன் தவசி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். பதறவில்லை. மூக்குக் குழாயைக் கையில் பிடித்தபடி மூலையில் இருந்த சிலிண்டரைக் கண்ணால் காட்டினான். அவள் குழாயை மாற்றி மாட்டினாள். சிலிண்டரின் முள் நிறைவைக் காட்டியது. நிறைவு என்றால் மூன்று மணி நேரம். அதற்கு மேல் கரண்ட் இருந்தால்தான் தவசிக்கு மூச்சு.

கூரை முழுக்க சோலார் பலகைகள் இருந்தன. அவற்றின் மேல் நான்கு விரல் கனத்துக்குச் செம்மணல். துடைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மறுபடி மூடியது. துடைத்தும் பயனில்லை, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு வானம் செங்கல் நிறமாகக் கிடந்தது. வண்டிகளின் சக்கரம் அச்சு வரை மணலில் புதைந்திருந்தது. முந்தின நாள் கிளப்பிப் பார்த்ததிலேயே வண்டியை ஓட்டும் மோட்டார்களின் தனிப் பேட்டரிகள் தீர்ந்துவிட்டன. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ரோடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை, காற்று இறங்கி மணல் தள்ளும் வண்டி வர நாளை மத்தியானம் ஆகும் என்றார்கள். மருந்து கொண்டுவரும் குட்டி விமானங்களும் இந்தக் காற்றில் எழும்பாது.

நாளை மத்தியானம். கையில் இருப்பது மூன்று மணி நேரம்.

அங்கே நின்ற எட்டு கேரவன்களும் ஒரு காலத்தில் சினிமாக் கம்பெனிகளுக்கு ஓடியவை. கேமராவும் நடிகரும் இல்லாமல் கம்ப்யூட்டரே படம் எடுக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வேலை போன யூனிட் ஆட்களுக்கு இழப்பீடாகக் கிடைத்தவை இந்த வண்டிகள். வீடு என்று தனியாக இல்லாதவர்கள் இதையே வீடாக்கி, கடற்கரை, மலை, காடு என்று சேர்ந்து சுற்றினார்கள். போகிற ஊரில் சுற்றுலாக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள், விளக்கு கட்டினார்கள், வேஷம் போட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். படப்பிடிப்பு போனாலும் பழக்கம் போகவில்லை. எந்த ஊரில் நிறுத்தினாலும் வரிசையில் முதலில் ஹீரோ கேரவன். அது மதிராஜுடையது. முப்பது படத்தில் கதாநாயகனாக நடித்தவர், இப்போது முட்டிவலிக்காரர். கடைசியில் லைட்மேன் சுப்புராயலுவின் ஓட்டை வண்டி. இப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. வேறு மாதிரி நிறுத்தவும் யாருக்கும் தோன்றியதில்லை.

எல்லாரும் தவசியின் வண்டிக்குள் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். ஒவ்வொரு கேரவனிலும் வீட்டு விளக்குக்கென்று ஒரு பேட்டரி இருக்கிறதே என்று ஆரம்பித்தது காஸ்ட்யூமர் லோகம்மா.

தவசி தலையை ஆட்டினான். அவன் நாற்பது வருஷம் யூனிட்டில் ஜெனரேட்டரும் பேட்டரியும் பார்த்தவன். ஜெனரேட்டரின் டீசல் புகைதான் அவன் நுரையீரலைத் தின்றது. மூச்சை மிச்சம் பிடித்துத் துண்டு துண்டாகப் பேசினான்.

"ஒத்தப் பேட்டரி ஒரு ஃபேன், ரெண்டு லைட்டுக்கு மேல தராது. இந்த மெஷினுக்கு ஆறு பேட்டரியாவது சேரணும். சேர்த்தா... அதுங்க ஒத்துக்கணும்."

அதுங்க என்று அவன் சொன்னதில் ஒரு மரியாதையும் கோபமும் இருந்தது. பங்குப் பேட்டரி என்று பெயர். முன்பெல்லாம் பேட்டரி வாயில்லாத ஜீவன், இழுத்த வரைக்கும் கொடுக்கும், சூடேறும், வெடிக்கும். வடக்கே ஒரு கேம்ப்பில் அப்படிக் கட்டின பத்துப் பேட்டரி தீப்பிடித்து எரிந்ததில் ஒரு குடும்பமே போனது. அதற்குப் பிறகு சட்டம் வந்தது. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் சின்ன மூளை ஒன்று வைத்தார்கள். பக்கத்தில் சேர்ந்திருக்கும் பேட்டரிகள் எவ்வளவு சுமக்கின்றன என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தன் மேல் பங்குக்கு மீறி ஏறினால் சட்டென்று கழன்றுகொள்ளும். கழன்றால் ஒரு மணி நேரத்துக்கு என்ன கெஞ்சினாலும் திறக்காது.

இங்கே இருந்த எட்டும் மூன்று வெவ்வேறு கம்பெனிப் பேட்டரிகள். ஒரு கம்பெனியோடு இன்னொரு கம்பெனி சேராது என்று எல்லாக் கையேட்டிலும் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

"சேருமோ சேராதோ, கட்டிப் பாத்துருவோம்" என்றார் மதிராஜ். முதல் பேட்டரியை அவரே சுமந்து கொண்டுவந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

சாப்பாட்டு வண்டியில் ஒரு நீள பெஞ்ச் இருந்தது. சூட்கேஸ் அளவுள்ள எட்டுப் பேட்டரிகளையும் அதில் வரிசையாக வைத்தார்கள். தவசியை மெஷினும் சிலிண்டருமாக நாற்காலியில் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். அவன் சொல்லச் சொல்ல சகாயராணி கட்டினாள். பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ், விரல் தடிமன் செம்பு ஒயர். எட்டும் கைகோத்து நின்ற பிறகு மெஷினுக்குப் போகும் இரண்டு ஒயரையும் எங்கே மாட்டுவது என்று கேட்டாள். எங்கே மாட்டுவது என்ன கேள்வி என்பது போல அவன் முதல் பேட்டரியைக் காட்டினான். ஹீரோ பேட்டரி. யூனிட்டில் எப்போதும் அப்படித்தான்.

ஒன்பது நாற்பதுக்கு மெஷின் ஓடியது. எட்டுப் பேட்டரியின் குட்டித் திரையிலும் பச்சையில் 'பங்கு சரி' என்று வந்தது. லோகம்மா சகாயராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருபது நிமிஷம். முதல் பேட்டரியின் திரை மஞ்சளாகி, சிவப்பாகியது. 'பங்கு மீறல்.' டக்கென்று கழன்றது. அடுத்த மூச்சில் இரண்டாவது. பிறகு மூன்றாவது. பெஞ்ச் நெடுக டக், டக், டக்கென்று யாரோ சுவிட்சைத் தட்டிக்கொண்டே போவது போலிருந்தது. மெஷின் நின்றது.

சகாயராணி சிலிண்டர் குழாயை மறுபடி மாட்டினாள். மணி பத்து. இனி பதினொன்றுக்குத்தான் பேட்டரி திறக்கும். சிலிண்டரில் இரண்டு மணி இருபது நிமிஷம் மிச்சம்.

அப்போதுதான் பேச்சு வளர்ந்தது. மதிராஜ் திரைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, தன் பேட்டரிதான் அதிகம் இறங்கியிருக்கிறது, கடைசியில் இருப்பது ஒப்புக்கு நின்றிருக்கிறது என்றார். சுப்புராயலுவுக்கு எழுபது வயது, ரோஷம் மட்டும் இருபது. என் பேட்டரி கொடுக்க மாட்டேன் என்றா சொன்னது, கேட்டால்தானே கொடுக்கும் என்றார். இன்னொருவர், கம்பெனி வேறானால் குணமும் வேறுதான், அப்போதே சொன்னேன் என்றார். அவரவர் பேட்டரியை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று சகாயராணி பயந்தாள். அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் பேட்டரியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

ஒரு மணி நேரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. இட்லி வெந்திருந்தது. "எல்லாரும் உக்காருங்க, வெறும் வயித்துல சண்டை போட வேணாம்" என்றாள்.

பெஞ்சில் பேட்டரி இருந்ததால் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அதிலும் முதல் இடம் மதிராஜ், கடைசி இடம் சுப்புராயலு. சகாயராணி மதிராஜ் பக்கமிருந்து இட்லி வைத்துக்கொண்டே வந்தாள். லோகம்மா சுப்புராயலு பக்கமிருந்து சாம்பார் ஊற்றிக்கொண்டே போனாள். முப்பது வருஷம் யூனிட்டுக்குச் சமைத்துப் போட்டவள் சகாயராணி. அவள் வந்த புதிதில் எல்லாமே ஹீரோ பக்கமிருந்துதான் வரும். கடைசியில் உட்காரும் லைட்மேன்களுக்கு ஆறின இட்லி, சட்டியின் அடியில் கிடக்கும் சாம்பார். ஒருநாள் தட்டு பறந்தது. அதிலிருந்து அவள் ஏற்படுத்திய முறை இது. இட்லி ஒரு முனை, சாம்பார் மறு முனை.

சுப்புராயலு சாம்பாரை வெறும் தட்டில் வாங்கிக்கொண்டு, கோபம் இன்னும் ஆறாத குரலில் மதிராஜைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னா சார், உனக்கு இட்லி வந்துச்சு, சாம்பார் வரல. எனக்கு சாம்பார் வந்துச்சு, இட்லி வரல. ரெண்டு பேரும் ஒரே அளவு காத்துனுகீறோம். இதுல மட்டும் ராணி நாயம் பண்ணிக்கினா."

இட்லித் தட்டோடு சகாயராணி நின்றுவிட்டாள்.

அவள் பார்வை பெஞ்சுக்குப் போனது. இரண்டு ஒயரும் முதல் பேட்டரியில் செருகியிருந்தன. இட்லியும் அங்கேயிருந்து, சாம்பாரும் அங்கேயிருந்து. தட்டை லோகம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தவசியின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க. கரண்ட் பாசிட்டிவ்ல போய் நெகட்டிவ்ல திரும்பி வருதுல்ல?"

ஆமாம் என்றான் கண்ணால்.

"முதல் பேட்டரிக்குப் போற வழியும் கிட்ட, வர்ற வழியும் கிட்ட. எட்டாவதுக்கு ரெண்டுமே தூரம். அப்போ கிட்ட இருக்கிறதைத்தானே மெஷின் இழுக்கும்?"

தவசிக்குச் சிரிப்பு வந்தது, அதில் மூச்சு சிக்கியது. பெஞ்ச் நீளம் பத்தடி. விரல் தடிமன் செம்பு. பத்தடியில் என்ன வித்தியாசம் வரப்போகிறது, நாற்பது வருஷமாக இப்படித்தான் கட்டியிருக்கிறேன், ஒரு படமாவது நின்றதா என்று கேட்டு முடிப்பதற்கு அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"படம் நிக்கல. ஆனா நீங்க வருஷா வருஷம் பேட்டரி மாத்துவீங்களே. எந்தப் பேட்டரியை மாத்துவீங்க?"

அவன் கண் முதல் பேட்டரிக்குப் போனது.

"நான் சாப்பாடு கொண்டாந்து தர்றப்பல்லாம் பாத்திருக்கேன். எப்பவும் முதல் பேட்டரியைத்தான் கழட்டிக்கிட்டு இருப்பீங்க. ஹீரோ பேட்டரி ராசியில்லன்னு சொல்லுவீங்க."

வரிசையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். தவசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். இழுத்த வரைக்கும் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் செத்த பேட்டரிகள் எத்தனை என்று எண்ணுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் காலத்துப் பேட்டரிகளுக்குக் கேட்கத் தெரியாது. இவற்றுக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். கம்பெனி வேறு என்பதால் இவை கழன்று போகவில்லை.

"நெகட்டிவை எட்டாவதுல மாட்டு" என்றான் கடைசியில். "பாசிட்டிவ் ஒண்ணாவதுலயே இருக்கட்டும். எந்தப் பேட்டரி வழியா போனாலும்... மொத்த தூரம் ஒண்ணாயிடும்." பிறகு இன்னொன்றும் சொன்னான். ஏற்கெனவே முதலாவது அதிகம் இறங்கியிருக்கிறது, எட்டாவது நிறைந்திருக்கிறது. அப்படியே கோத்தால் நிறைந்தது இறங்கினதுக்குள் ஒரேயடியாகப் பாயும், பங்கு மீறல் என்று அதுவே கழன்றுகொள்ளும். முதலில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு வழி சுப்புராயலுவிடம் இருந்தது. அவர் தன் வண்டிக்குப் போய், பழைய கார்களின் ஹெட்லைட் பல்புகள் கிடந்த ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். செட்டில் மழைக் காட்சிக்குக் கார் விளக்கு எரிய வைக்க அவர் வைத்திருந்தவை. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் பல்பைப் போட்டால் நிறைந்தது குறைந்ததற்குள் மெதுவாகத்தான் இறங்கும், பல்பு எரிவது நின்றால் மட்டம் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம் என்றார்.

பதினொன்றுக்குப் பூட்டு திறந்தது. ஏழு பல்பும் எரிந்தன. வெளியே பகலே சிவப்பாக இருந்ததில், வண்டிக்குள் அந்த வெளிச்சம் பழைய படப்பிடிப்பு மாதிரி இருந்தது. முதல் பல்புதான் பிரகாசமாக எரிந்தது. மெல்ல மஞ்சளாகி, காவி நிறமாகி, கம்பி மட்டும் சிவந்து, பிறகு அதுவும் இல்லை. அரை மணி நேரம். சிலிண்டரில் ஐம்பது நிமிஷம் மிச்சம்.

பல்புகளைக் கழற்றிச் செம்பு ஒயரை மாட்டினாள். கடைசி ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மறுமுனைக்கு நடந்தாள். பத்தடிதான். எட்டாவது பேட்டரி சுப்புராயலுவுடையது, உறை கிழிந்து துணி டேப் சுற்றியிருந்தது. அதன் நெகட்டிவில் மாட்டி முடுக்கினாள்.

எட்டுத் திரையும் பச்சை. மெஷின் ஓடியது.

இருபதாவது நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. இருபத்தோராவது நிமிஷம் மதிராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து திரைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் ஒரே எண்ணில் நின்றன, எட்டாவது ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் சுப்புராயலுவைத் திரும்பிப் பார்த்து, "உன்னுதுதாண்ணே முன்னாடி போகுது" என்றார். சுப்புராயலு பழைய துண்டால் தன் பேட்டரியின் மேல் இருந்த மணலைத் தட்டிவிட்டார்.

அன்று ராத்திரி முழுக்க அது ஓடியது. தங்கள் வண்டிகளில் ஃபேன்கூட இல்லாமல் எல்லாரும் புழுக்கத்தில் கிடந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மதிராஜின் போனில் ஒரு செய்தி வந்தது. அதே செய்தி பிறகு எல்லாருடைய போனிலும் வந்தது. மூன்று கம்பெனியும் சேர்ந்து அனுப்பியது. உங்கள் பேட்டரி வேறு நிறுவனப் பேட்டரிகளோடு இணைக்கப்பட்டிருப்பது தெரிகிறது, இது தீ ஆபத்து, பாதுகாப்புச் சட்டப்படி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அனைத்தும் இங்கிருந்தே நிறுத்தப்படும்.

சகாயராணி அந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் குரல்தான் பேசியது. உயிர் போகிற விஷயம் என்று சொன்னதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டாள். மணல் தள்ளும் வண்டி கிளம்பிவிட்டது, ஒன்றரைக்கு முன்னால் வர முடியாது என்றார்கள். சிலிண்டரில் இருந்தது ஐம்பது நிமிஷம். பன்னிரண்டு ஐம்பது வரை.

நாற்பது நிமிஷம் இடிக்கிறது. அவள் கணக்குப் போடுவதைத் தவசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராணி. நேத்தே முடிஞ்சிருக்க வேண்டியது. ஒரு நாள் கூடக் கெடைச்சுது."

"வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுங்க" என்றாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லாரும் சாப்பாட்டு வண்டிக்கு வந்துவிட்டார்கள். அவரவர் பேட்டரி பக்கத்தில் நிற்கவில்லை இந்த முறை. தவசியைச் சுற்றி நின்றார்கள். சகாயராணி சிலிண்டர் குழாயைக் கையில் தயாராக வைத்திருந்தாள். பன்னிரண்டு அடித்தது. எட்டுத் திரையிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் வந்தது. லோகம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மஞ்சள் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இரண்டு, பன்னிரண்டு ஐந்து. பிறகு மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

'பங்கு சரி.'

என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டும் என்று அப்போது யாரும் ஆசைப்படவும் இல்லை.

ஒன்றே முக்காலுக்குக் காற்று தணிந்து, மணல் தள்ளும் வண்டியின் பின்னால் ஆம்புலன்ஸும் இன்னொரு ஜீப்பும் வந்தன. டாக்டர் தவசியின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, மூச்சுக் கணக்கு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, சாயங்காலம் வந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். ஜீப்பில் வந்தவள் ஆபிதா என்ற பொறியாளர். பேட்டரிக் கம்பெனிகள் அனுப்பிய ஆள். தீப்பிடித்திருக்கும் என்று எதிர்பார்த்துத் தீயணைக்கும் உருளை ஒன்றைக் கையில் பிடித்தபடி இறங்கினாள்.

பெஞ்சைப் பார்த்ததும் உருளையைக் கீழே வைத்துவிட்டாள். தன் கருவியைச் செருகி வெகுநேரம் படித்தாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"நிறுத்தச் சொல்லி ஆர்டர் எட்டுக்கும் போயிருக்கு. எட்டும் வாங்கியிருக்கு" என்றாள். "ஆனா எதுவும் நிறுத்தல."

"கெட்டுப் போச்சா?" என்று கேட்டார் மதிராஜ்.

"இல்ல சார். நாங்க எழுதி வச்ச விதிதான். யார் நிறுத்தச் சொன்னாலும் சரி, நான் போனா பக்கத்துல இருக்கிறதுக்குப் பாரம் கூடுமான்னு பாத்துட்டுத்தான் ஒரு பேட்டரி நிக்கணும். தீப்பிடிக்கக் கூடாதுன்னு எழுதினது. வழக்கமா ஒண்ணு மேல மட்டும் பாரம் அதிகமா இருக்கும். பங்கு மீறினதால அது யாரையும் கேக்காம முதல்ல போயிடும், மத்தது பின்னாடியே போயிடும். இங்க..." அவள் பெஞ்ச் நெடுகப் பார்த்தாள். "இங்க முதல்ல போறதுக்கு ஆளே இல்ல. எட்டும் அஞ்சு நிமிஷம் ஒண்ணை ஒண்ணு கேட்டிருக்கு. நான் போனா உனக்குக் கூடுமான்னு. எல்லாமே கூடும்னு சொல்லியிருக்கு. அதனால அப்படியே நின்னுடுச்சு."



வெவ்வேறு கம்பெனி சேராது என்று தாங்கள் எழுதியதை இனி அடிக்க வேண்டியிருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, இப்படி மாட்டச் சொன்ன எஞ்சினியர் யார் என்று கேட்டாள். ரிப்போர்ட்டில் பெயர் போட வேண்டும்.

எல்லாரும் தவசியைப் பார்த்தார்கள். அவன் குழாய் மாட்டிய முகத்தைத் திருப்பிச் சகாயராணியைக் காட்டினான்.

"நாப்பது வருஷம் நான் தப்பாக் கட்டினேன். எழுதிக்கோங்க. சகாயராணி, யூனிட் சமையல்."

ஆபிதா எழுதிக்கொண்டாள். இனி பேட்டரிகளை அவரவர் எடுத்துக்கொண்டு போகலாம், கையால் கழற்றினால் ஒத்துக்கொள்ளும் என்றாள். மதிராஜ் தன் பேட்டரியின் கைப்பிடியைப் பிடித்தார். திரையில் மஞ்சளில் ஒரு வரி வந்தது: 'பக்கத்துப் பங்கு கூடும். சம்மதமா?' அவர் அதைப் படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மெதுவாக எடுத்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்றார்.

வெளியே நான்கு நாளுக்குப் பிறகு வெயில் அடித்தது. லோகம்மாவும் மற்றவர்களும் கூரைகளில் ஏறிச் செம்மணலை வாளி வாளியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சகாயராணி உலையை ஏற்றினாள். டாக்டர், டிரைவர், ஆபிதா, மணல் தள்ளியவர்கள் என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கேரவன்களின் நிழலில் பாய் விரித்து நீளமாக ஒரே பந்தி. யாரோ கவனிக்காமல் முதல் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மதிராஜுக்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, சாம்பார் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருஷமாகக் கட்டிலிலேயே சாப்பிட்ட தவசி வெளியே வர வேண்டும் என்றான். மெஷினின் குழாயோடு இன்னொரு நீளக் குழாயைச் சேர்த்து அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். முதல் இடத்தில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். அவன் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, பந்தியைக் கண்ணால் அளந்து, சரியாக நடுவில் போய் உட்கார்ந்தான்.

ஏன் அங்கே என்று சகாயராணி கேட்டாள்.

"இங்கதான் சோறும் சாம்பாரும் ஒண்ணா வந்து சேரும்" என்றான்.

அவள் சோற்றுக் கரண்டியோடு பந்தியின் முதல் முனையிலிருந்து கிளம்பினாள்.